மேற்படிக்கு ஒரு கீ

கிரையப் பத்திரம் அடிக்கிறவர்களுக்கு 'மேற்படி' என்ற சொல்லோடு தீராத உறவு. மேற்படி சொத்து, மேற்படி கிராமம், மேற்படி சர்வே நம்பர் என்று தபசில், அதாவது சொத்து விவரம், முடிகிற வரை அது கூடவே வரும். பேனாவால் எழுதிய காலத்தில் இதற்கென்றே ஒரு சுழி இருந்தது: ௸. ஒரே இழுப்பு, சொல் முடிந்தது. எங்கள் மதுரைப் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் பிரித்தால் அந்தச் சுழி வரிக்கு வரி கண்ணில் படும். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு அந்த ஒரு இழுப்பு தமிழ்99 கீபோர்டில் ஏழு தட்டாக ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பத்திரம், ஒரு பத்திரத்துக்கு எத்தனை மேற்படி என்று பெருக்கிப் பாருங்கள். விரல் வலி எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

ஷார்ட்கட் கீகளை நம் வேலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம் என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான். மதுரையின் வடக்குப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் வேகமாக அடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் எல்லாம் பாஸ் செய்தவர்கள். ஆனால் வேர்டில் கண்ட்ரோல்–சி, கண்ட்ரோல்–வி தாண்டி ஒரு கீயை நாமே வைத்துக்கொள்ள முடியும் என்று அவர்களில் பலருக்கும் யாரும் சொன்னதில்லை. தெரிந்த சிலரும் தப்பான கீயில் கை வைத்து, சூடு பட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்கள். அந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், இப்போது இருக்கிற கீகள் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன? 1978-இல் வந்த வேர்ட்ஸ்டார் என்ற பழைய டைப்பிங் மென்பொருளில் கர்சரை நகர்த்த கண்ட்ரோலோடு ஈ, எஸ், டி, எக்ஸ் என்ற நான்கு எழுத்துகளை அழுத்த வேண்டும். ஈ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. அம்புக்குறி கீகளே இல்லாத கீபோர்டுகள் பல இருந்த காலம் அது. அதனால் இடது கை விரல்களுக்கு அடியிலேயே ஒரு வைர வடிவத்தில் திசைகளை வைத்துவிட்டார்கள். பேர் பொருத்தம் பார்க்கவில்லை, விரல் இருக்கிற இடத்தைப் பார்த்தார்கள். வெட்டுவது, ஒட்டுவது என்ற வேலை முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் லாரி டெஸ்லர் என்பவர் டிம் மாட் என்பவரோடு சேர்ந்து வடிவமைத்தார். பிறகு ஆப்பிளின் கம்ப்யூட்டர்கள் வழியாக, செய்ததை ரத்து செய்கிற இசட்டையும் சேர்த்து, இசட், எக்ஸ், சி, வி என்ற நாலு கீ நிலைத்தது. காப்பிக்கு சி என்பது பேர்ப் பொருத்தம். மற்ற மூன்றும் அதன் அக்கம்பக்கத்து வீடுகள்.

தமிழ் டைப்பிங் மட்டும் படித்த கைக்கு இது ரொம்ப முக்கியமான செய்தி. எங்கள் கடையில் இருக்கிற அக்கா தமிழ் டைப்ரைட்டிங்தான் முறையாகப் படித்தவர். 'காப்பி என்றால் சி' என்று சொன்னால் சி எங்கே என்று அவர் தேட வேண்டும். 'கீழ் வரிசையில் இடது பக்கம் மூன்றாவது' என்று சொன்னால் கை தானாகப் போகும். கீபோர்டைத் தமிழுக்கு மாற்றிய பிறகும் அந்தக் கீயின் வேலை மாறுவதில்லை. தமிழ்99-இல் அது ஒ எழுத்துக்கான கீ. ஆனால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு தட்டினால் அப்போதும் காப்பிதான். ஷார்ட்கட் என்பது எழுத்துக்கு உரியதல்ல, இடத்துக்கு உரியது. சொந்தமாகக் கீ வைக்கும்போதும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று. வேர்டோடு வருகிற கீகள் எல்லாம் யாரோ ஒருவருடைய வேலையைப் பார்த்து வைத்தவை. நடுவில் நிறுத்த கண்ட்ரோல்–ஈ, எழுத்தைத் தடிப்பாக்க கண்ட்ரோல்–பி (B), தலைப்புக்கு கண்ட்ரோல்–ஆல்ட்–1, அடிக்குறிப்புக்கு கண்ட்ரோல்–ஆல்ட்–எஃப். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவருக்கு அடிக்குறிப்பு நாளுக்கு நாற்பது தடவை வேண்டியிருக்கும். என் கடையில் இத்தனை வருஷத்தில் ஒரு பத்திரத்திலும் அடிக்குறிப்பு வந்ததில்லை. எங்களுக்கு வேண்டியது வேறு: பழைய பத்திரத்திலிருந்து எடுத்ததை ஃபார்மட் இல்லாமல் ஒட்டுவது, தபசில் பத்தியை உள்ளே தள்ளுவது, சக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லையை, நான்கு வரியாக விரிப்பது, முதல் பக்கத்தில் முத்திரைக்கு இடம் விடுவது. இவற்றில் பலவற்றுக்கும் கைக்கு எட்டுகிற கீயை யாரும் வைத்துத் தரவில்லை. எங்களைப் போன்றவர்கள் மனதில் இருந்திருக்க மாட்டோம், அவ்வளவுதான். ஆனால் மாற்றிக்கொள்ளும் வசதியை வைத்திருக்கிறார்கள்.

அது இருக்கிற இடம் கொஞ்சம் உள்ளே. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் அடியில் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' என்று ஒரு வரியும் பக்கத்தில் 'கஸ்டமைஸ்' என்று ஒரு பட்டனும் இருக்கும். திறக்கிற பெட்டியில் இடது பக்கம் வகைகள், வலது பக்கம் கட்டளைகள். வேண்டிய கட்டளையைத் தேர்ந்து, 'பிரஸ் நியூ ஷார்ட்கட் கீ' என்ற கட்டத்தில் கர்சரை வைத்து, நினைத்த கீகளை ஒருமுறை அழுத்த வேண்டும். அதற்குக் கீழேயே அந்தக் கீ இப்போது யாரிடம் இருக்கிறது என்று வேர்டு சொல்லிவிடும். காலியாக இருந்தால் அதையும் சொல்லும். அந்த வரியைப் படிக்காமல் மேலே போகாதீர்கள். அப்புறம் 'அசைன்' பட்டனை அழுத்த வேண்டும். என்னிடம் வந்து 'வைத்தேன், வேலை செய்யவில்லை' என்று சொன்னவர்கள் அநேகமாக எல்லோரும் அசைனை விட்டுவிட்டு நேரே குளோஸை அழுத்தியவர்கள்.

கட்டளையின் ஆங்கிலப் பெயரைத் தேடுவதுதான் இதில் பெரிய தலைவலி. அதற்குக் குறுக்குவழி உண்டு. நம்பர் பேடில் இருக்கிற கூட்டல் கீயைக் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் சேர்த்து அழுத்தினால் மவுஸ் அம்பு நான்கு இதழ் பூ மாதிரி மாறும். அதை வைத்து ரிப்பனில் எந்தப் பட்டனைத் தொட்டாலும், அந்தக் கட்டளைக்கான பெட்டி நேராகத் திறக்கும். பேர் தெரிய வேண்டாம், பட்டனைத் தெரிந்தால் போதும். நம்பர் பேடு இல்லாத லேப்டாப்பில் இது ஓடாது.

கட்டளைகளோடு அந்தப் பெட்டி முடிவதில்லை. வகைகளின் பட்டியலில் கீழே இறங்கினால் மேக்ரோ, ஃபான்ட், ஸ்டைல், குறியீடுகள் என்று வரும். அதாவது ஒரு ஃபான்டுக்கே நேராகக் கீ வைக்கலாம். பாமினியிலும் வானவில்லிலும் அடித்துக் கொண்டிருந்த காலத்தில் எங்களைக் காப்பாற்றியது இதுதான். அந்த ஃபான்டுகளில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் வேஷம். பத்திரத்தின் நடுவில் பான் நம்பர் வந்தால், ஃபான்டை மாற்றாமல் அடித்தால், அது தமிழில் ஏதோ உளறலாக விழும். மவுஸை எடுத்து, ஃபான்ட் பட்டியலைத் திறந்து, டைம்ஸ் நியூ ரோமன் தேடி, பத்து எழுத்து அடித்து, மறுபடி பட்டியலைத் திறந்து பாமினிக்குத் திரும்ப வேண்டும். வாங்குகிறவர், விற்கிறவர் என்று ஆளுக்கு ஒரு பான் நம்பர். பாமினிக்கு ஒரு கீ, டைம்ஸுக்கு ஒரு கீ வைத்த அன்று அக்கா மவுஸைக் கீபோர்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். தமிழ் எழுத்துக்குத் தனி எண் இருக்கிற யூனிகோடுக்கு வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் கீபோர்டு மாறுகிறது, ஃபான்ட் அப்படியே இருக்கிறது. இன்னும் பாமினியில் பழைய ஃபைல்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மட்டும் அந்த இரண்டு கீ இன்றும் உதவும்.

சரி, மேற்படிக்கு வருவோம். ௸ என்ற சுழிக்கு யூனிகோடில் இடம் இருக்கிறது. வேர்டில் 0, பி, எஃப், 8 (0BF8) என்று ஆங்கிலத்தில் தட்டி, உடனே ஆல்ட்–எக்ஸ் அழுத்தினால் அந்த நாலு எழுத்தும் ௸ ஆக மாறும். அடிக்கடி வேண்டுமென்றால் இன்சர்ட், சிம்பல் வழியாகப் போய் அந்தக் குறியைத் தேர்ந்து 'ஷார்ட்கட் கீ' பட்டனில் ஒரு கீ வைத்துக்கொள்ளலாம். ரூபாய்க்கான ௹ சுழிக்கும் இதே வழிதான். அது 0, பி, எஃப், 9. நாங்கள் புதுப் பத்திரங்களில் சுழி போடுவதில்லை, சொல்லாகவே எழுதுகிறோம். பழைய பத்திரத்தை வரி மாறாமல் பெயர்த்து அடித்துக் கேட்கிறவர்களுக்குத்தான் சுழி தேவைப்படுகிறது. சொல்லுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் குழம்புகிற இடம் இதுதான். ஒரு செயலைச் செய்ய வேண்டுமா, ஒரு வாசகத்தை வரவழைக்க வேண்டுமா? செயலுக்கு ஷார்ட்கட் கீ. வாசகத்துக்கு ஆட்டோடெக்ஸ்ட். 'இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட' என்று தொடங்கும் வாக்கியத்தை ஒருமுறை அடித்து, செலக்ட் செய்து, ஆல்ட்–எஃப்3 அழுத்தி ஒரு சின்னப் பெயர் கொடுத்து வைத்துவிட்டால், பிறகு அந்தப் பெயரைத் தட்டி எஃப்3 அழுத்தியதும் முழு வாக்கியமும் வந்து விழும். வேர்டுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆஃபீஸிலும் எஃப்3-தான் விரிக்கும். சேமிக்கிற பெட்டி அங்கே கண்ட்ரோல்–எஃப்3. பெயரை எண்ணாக வைப்பது எங்கள் கடை வழக்கம், கீபோர்டு தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் எண் கீகள் மாறுவதில்லை என்பதால். 11 மேற்படி, 12 சக்குபந்தி, 13 சுயார்ஜித (தானே சம்பாதித்த சொத்து) வாசகம். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு ஷார்ட்கட் கீ என்று போனால் இருபது கீயை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். ஒரு மாதத்தில் பாதி மறந்துபோகும். ஆட்டோடெக்ஸ்டுக்கு ஒரே கீ. மிச்சம் பெயர்தான்.

செயல்களில் எதற்குக் கீ வைக்கலாம் என்பதைப் பட்டியல் போட்டு முடிவு செய்ய முடியாது. கையைப் பார்க்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் வலது கை கீபோர்டை விட்டு எப்போதெல்லாம் எழுந்து போகிறது என்று மட்டும் குறித்தேன். ஏதேதோ எதிர்பார்த்தேன். கிடைத்தது மூன்றே மூன்று. வாட்ஸ்ஆப்பில் வந்த விலாசத்தை ஒட்டிவிட்டு அதன் ஃபான்டையும் அளவையும் சரிசெய்யப் போகிறார். தபசிலுக்கு ரூலரை இழுக்கப் போகிறார். திரையைப் பெரிதாக்கப் போகிறார். மூன்றாவது கண்ணாடி மாற்ற வேண்டிய விஷயம், அதை அவரே ஒத்துக்கொண்டார். முதல் இரண்டுக்கும் கீ வைத்தோம்.

ஒட்டுவதற்கு 'பேஸ்ட் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒரு கட்டளை இருக்கிறது. வெறும் எழுத்து மட்டும் வரும், நம் பத்திரத்தின் ஃபான்டிலேயே உட்காரும். புதிய வேர்டில் கண்ட்ரோல்–ஷிப்ட்–வி அதைத்தான் செய்கிறது. பழைய வேர்டில் அதே கீ ஃபார்மட்டை மட்டும் ஒட்டும். கடையில் ஒரு மெஷினில் புதுசும் இன்னொன்றில் பழசும் இருந்தால் ஒரே கீ இரண்டு வேலை செய்யும். அதனால் இரண்டிலும் நாங்களே ஒரு கீயை வைத்து ஒன்றாக்கிக்கொண்டோம். தபசிலுக்கு ஒரு ஸ்டைல் உண்டாக்கி, இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி, வரி இடைவெளி குறைத்து, அந்த ஸ்டைலுக்கே கீ கொடுத்தோம். ஸ்டைலை மாற்றுகிற பெட்டியில் 'ஃபார்மட்' பட்டனுக்குள் 'ஷார்ட்கட் கீ' இருக்கிறது. ரூலரை இழுக்கிற கை அன்றோடு நின்றது.

இப்போது சூடு பட்ட கதை. சில வருஷம் முன்னால், பிரிண்ட் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் வருகிற திரை எரிச்சலாக இருந்ததால், கண்ட்ரோல்–பி–யை மாற்றினேன், அதாவது பிரிண்டுக்கான பி. 'ஃபைல் பிரிண்ட் டீஃபால்ட்' என்ற கட்டளையை அதற்குக் கொடுத்தேன். அழுத்தினால் ஒன்றும் கேட்காமல் நேராக அச்சடித்துவிடும். எனக்குச் சுகமாக இருந்தது. ஒருநாள் நான் வெளியே போயிருந்தபோது, பக்கத்துக் கடைத் தம்பி எங்கள் மெஷினில் ஒரு பத்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். பிரிண்டரில் கட்சிக்காரர் வாங்கி வந்த முத்திரைத்தாள் ஏற்கெனவே சொருகப்பட்டிருந்தது. பக்க எண்ணைச் சரிபார்க்கலாம், திரை வரும், அங்கே நிறுத்தலாம் என்று எல்லோரும் அழுத்துகிற மாதிரி அழுத்தினார். திரை வரவில்லை. முத்திரைத்தாள் உள்ளே போனது. திருத்தம் முடியாத முதல் பக்கம் அதில் அச்சாகி வெளியே வந்தது, விற்கிறவரின் தகப்பனார் பெயர் பழைய பத்திரத்தில் இருந்தபடியே. அன்றைக்குப் பதிவு டோக்கன் போட்டிருந்தார்கள். கட்சிக்காரர் மேலூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். இன்னொரு தாள் வாங்கி, மறுபடி அடித்து, எப்படியோ நேரத்துக்குள் முடித்தோம். தாளுக்கான காசை நான் கொடுத்தேன். தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. எல்லோருடைய கையும் அறிந்த ஒரு கீயின் அர்த்தத்தை யாருக்கும் சொல்லாமல் மாற்றியது நான்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் சி, வி, எக்ஸ், இசட், எஸ், பிரிண்டுக்கான பி ஆகியவற்றைக் கண்ட்ரோலோடு சேர்ந்த நிலையில் யாரும் தொடுவதில்லை. திரும்பப் பெற முடியாத வேலைக்கு, அச்சடிப்பது, மூடுவது, எல்லாவற்றையும் மாற்றுவது போன்றவற்றுக்கு, ஒற்றைக் கீ வைப்பதும் இல்லை.

அப்படியானால் எந்தக் கீதான் மிச்சம் என்று கேட்பீர்கள். கண்ட்ரோலோடு சேரும் எழுத்துகளில் காலி என்று சொல்ல ஏதும் இல்லை. ஆல்ட்டோடு சேரும் எழுத்துகளில் பல, ரிப்பனைத் திறக்கின்றன. இதற்கு வேர்டே ஒரு வழி வைத்திருக்கிறது, வேர்ட்ஸ்டார் காலத்து வழி: இரண்டு படிக் கீ. வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல்–கே அழுத்திவிட்டு, பிறகு பி (B) அழுத்தினால் தேர்ந்தெடுக்கிற பகுதியின் தொடக்கம் குறிக்கப்படும், கே அழுத்தினால் முடிவு. வேர்டிலும் புதிய கீ கேட்கிற கட்டத்தில் யாரிடமும் இல்லாத ஒரு கீ சேர்க்கையை அழுத்தி, கையை எடுத்துவிட்டு, ஒரு எண்ணையோ எழுத்தையோ தட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே ஷார்ட்கட்டாகப் பதிவாகும். அப்படி ஒரே ஒரு காலிச் சேர்க்கையை வைத்துக்கொண்டு அதன் பின்னால் 1 தபசில், 2 ஒட்டுவது, 3 முத்திரைக்கு இடம் என்று வரிசையாக வைக்கலாம். தவறுதலாக விரல் பட்டு எதுவும் நடக்காது என்பது இதன் பெரிய நன்மை. மெதுவாக இருக்குமே என்று முதலில் நினைத்தேன். இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டது.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. நாம் அழுத்துகிற கீ நேராக வேர்டுக்குப் போவதில்லை. முதலில் விண்டோஸ் பார்க்கும். அப்புறம் தமிழ் எழுதும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அது பார்க்கும். மிச்சம் இருப்பதுதான் வேர்டுக்கு. என்எச்எம் ரைட்டர் வைத்திருப்பவர்கள் ஆல்ட்டோடு எண்ணை அழுத்திக் கீபோர்டு மாற்றுவார்கள், ஆல்ட்–1 தமிழ்99, ஆல்ட்–2 ஒலிப்பு முறை. அந்தக் கீகளுக்கு வேர்டில் ஏதாவது வேலை கொடுத்தால் வேர்டு வரை அது வந்து சேராது. கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தாலும் கவனம் வேண்டும். விண்டோஸ் அதை வலது பக்க ஆல்ட்–ஜிஆர் கீக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது, சில கீபோர்டுகளில் அங்கே எழுத்துகள் இருக்கின்றன. இந்திய ஆங்கிலக் கீபோர்டில் கண்ட்ரோல்–ஆல்ட்–4 தான் ₹. 2010-இல் அரசு ஏற்ற அந்தக் குறியை வரைந்தவர் உதயகுமார், நம் தமிழ்நாட்டுக்காரர். தொகை எழுதாத பத்திரம் கிடையாது என்பதால் அந்த இடத்தை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். விண்டோஸிலேயே தமிழ்99 வந்துவிட்டதால் புதுசாகத் தொடங்குகிறவர்களுக்கு நடு அடுக்கு இல்லாமலே காரியம் ஆகும், மோதலும் குறையும்.

டைப்ரைட்டிங் வகுப்பில் சொல்லித் தந்த ஒரு பாடம் இங்கே திரும்ப உதவுகிறது: ஷிப்டை எதிர்க்கையால் அழுத்து. இடது கை எழுத்துக்கு வலது ஷிப்ட். கண்ட்ரோலுக்கும் அதேதான். கீபோர்டின் வலது மூலையில் ஒரு கண்ட்ரோல் இருக்கிறது, பலரும் அதைத் தொடுவதே இல்லை. இடது சுண்டு விரலையும் அதே கையின் ஆள்காட்டி விரலையும் விரித்து விரித்து அழுத்தித்தான் மணிக்கட்டு போகிறது.

வைத்த கீகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் அடியில் 'சேவ் சேஞ்சஸ் இன்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் நார்மல் டெம்ப்ளேட் என்று இருக்கும். அப்படியே விட்டால் அந்த லாகினில் திறக்கிற எல்லா டாக்குமென்டுக்கும் உங்கள் கீ பொருந்தும். கடையில் நாலு பேர் ஒரே லாகினைப் பயன்படுத்தினால் நாலு பேருக்கும் பொருந்தும். என் முத்திரைத்தாள் கதையின் வேர் அதுதான். பத்திரத்துக்கென்று தனி டெம்ப்ளேட் செய்து, கீகளை அதற்குள் சேமித்தால், அந்த டெம்ப்ளேட்டில் தொடங்கும் ஃபைலில் மட்டும் அவை உயிரோடு இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் அடிக்கும்போது குறுக்கே வராது. நார்மல் டெம்ப்ளேட்டிலேயே வைத்திருந்தால் அந்த ஃபைலை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வருகிற தம்பிகள் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் காப்பி எடுப்பார்கள், டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரை எடுப்பதில்லை.

லிப்ரே ஆஃபீஸில் இந்த விஷயம் இன்னும் நேர்த்தி. டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு என்று போனால் எல்லாக் கீகளும் வரிசையாகத் தெரியும், எது காலி என்று ஒரே பார்வையில் புரியும். அதன் எழுதும் பகுதியான ரைட்டருக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று மேலேயே கேட்கும். 'சேவ்' அழுத்தினால் உங்கள் கீகள் முழுவதும் ஒரு தனி ஃபைலாக வெளியே வரும், அடுத்த மெஷினில் 'லோட்' செய்தால் போதும். காசு கொடுக்காமல் நேர்மையாக வைத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள் என்பதால் புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு நான் இதையே சொல்கிறேன். கூகுள் டாக்ஸில் கீகளை மாற்ற வசதி இல்லை. சுருக்கெழுத்தை விரிவாக்கும் மாற்றுப் பட்டியல் மட்டும் ப்ரிஃபரன்சஸில் இருக்கிறது, அது மேற்படிக்குப் போதும், தபசிலுக்குப் போதாது.

கடைசியாக ஒரு வேலை. வேர்டில் பிரிண்ட் திரையில் செட்டிங்ஸ் பட்டியலைக் கீழே உருட்டினால் 'கீ அசைன்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்து அச்சடித்தால் நீங்களாக வைத்த கீகள் மட்டும் தாளில் வரும். எங்கள் கடையில் அது மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில், ஸ்டாம்ப் வெண்டர் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. மெஷினில் உட்காருகிற யாரும் முதலில் அதைப் பார்க்கிறார்கள். புதுக் கீ வைத்தால் அன்றே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்ட வேண்டும். அந்தப் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டிருக்கிறார்.